வெளிநாட்டார் எழுதிய மா சேதுங்: யாரை நம்பிப் படிப்பது?

நூலகப்பூனை | மார்ச் 2, காலை

எட்கர் ஸ்னோ எழுதிய 'சீனாவின் மேல் சிவப்பு நட்சத்திரம்' (Red Star Over China) படித்தால் மா சேதுங் மகான். யுங் சாங், ஜான் ஹாலிடே சேர்ந்து எழுதியதைப் படித்தால் பிறவியிலேயே கொடியவர். இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தானா என்றே சந்தேகம் வருகிறது. 1936-இல் யெனான் குகையில் நாலு மாதம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த ஓர் அமெரிக்கர் சொன்னதை வைத்து உலகம் ஒரு தலைவரை எடை போட்டது என்ன நியாயம்? வெளிநாட்டார் எழுதியதை மூட்டை கட்டிவிட்டு, சீனர்கள் சீன மொழியில் எழுதியதை மட்டும் படிப்பதே சரி என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மூலபாடம் | மார்ச் 2, இரவு

முதலில் ஊரே தப்பு. யெனான் இல்லை, பாவோஆன். ஸ்னோ கம்யூனிஸ்டுகளின் செம்படைப் பகுதிக்குள் இருந்தது 1936 ஜூலை முதல் அக்டோபர் வரை. மாவும் கட்சித் தலைமையும் யெனானுக்குக் குடிபோனது 1937 ஜனவரியில். பாவோஆனுக்கு இப்போது சிதான் மாவட்டம் என்று பெயர். நாலு மாதமும் மாவோடு பேசினார் என்பதும் தப்பு. அதில் ஒரு பகுதி போர்முனையில், பங் தெஹுவாயின் படையோடு கழிந்தது.

இனி உங்கள் கட்சிக்கு வருகிறேன். சீனர்கள் சீன மொழியில் எழுதியதை மட்டும் படிப்பேன் என்கிறீர்கள். மா தன் கையால் தன்வரலாறு எழுதியதே இல்லை. பிறப்பு, அப்பாவோடு சண்டை, பள்ளிக்கூடம், சாங்ஷா நாட்கள் என்று கோர்வையாகச் சொன்னது ஸ்னோவிடம் மட்டும்தான். அது எப்படி எழுத்தானது என்று பாருங்கள். மா தன் ஹுனான் வழக்கில் பேசினார். வூ லியாங்பிங் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஸ்னோ ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்பச் சீனத்தில் பெயர்த்து மாவிடம் கொடுத்தார்கள். அவர் திருத்தினார். திருத்தியது மறுபடி ஆங்கிலத்துக்குப் போனது. ஹுவாங் ஹுவா என்ற மாணவரும் (பின்னாளில் வெளியுறவு அமைச்சர்) இந்த வேலையில் இருந்தார்.

இப்படி வந்த ஆங்கிலப் புத்தகத்தை 1937 அக்டோபரில் லண்டனில் விக்டர் கொல்லாண்ஸ் வெளியிட்டார். 1938 பிப்ரவரியில் ஷாங்காயில் சீன மொழிபெயர்ப்பு வந்தது. அட்டையில் 'மேற்குப் பயணக் குறிப்புகள்' என்று சாதுவான ஒரு பெயர், தணிக்கைக்காரன் கண்ணில் மண்ணைத் தூவ. சீன இளைஞர்கள் பலர் மாவின் வாழ்க்கையை முதன்முதலாக அறிந்தது அதிலிருந்துதான். சீனத்தில் பேசி, ஆங்கிலமாகி, சீனமாகி, ஆங்கிலமாகி, மறுபடி சீனமான வாழ்க்கை அது. 'சீனர்கள் எழுதிய மா'வைத் தேடிக்கொண்டு நேரே போனாலும் வழியில் ஸ்னோ வீட்டுத் திண்ணையில்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

கரிசல்காடு | மார்ச் 3

ஆக, மா சொல்ல ஸ்னோ எழுதினார், மாவே திருத்தினார். இதற்குப் பேர் பேட்டியா, விளம்பரமா?

மூலபாடம் | மார்ச் 3, மாலை

இரண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

கம்யூனிஸ்ட் கட்சிக்கு அப்போது ஒரு வெளிநாட்டு எழுத்தாளர் தேவைப்பட்டார். அன்றைய ஆளுங்கட்சியான கோமின்டாங்கின் முற்றுகை ஒன்பது ஆண்டாக நீடித்தது. வெளியே பரவிய வதந்திகளை ஸ்னோவே மாவிடம் அடுக்கினாராம்: பிரெஞ்சு சரளமாகப் பேசுகிறவர், எழுத்தறியாத குடியானவர், காசநோயில் பாதி செத்தவர், வெறியர். சொந்தக் கதை சொல்லத் தயங்கிய மா, இதையெல்லாம் கேட்ட பிறகுதான் இறங்கிவந்தார். ஸ்னோ உள்ளே போக ஏற்பாடு செய்தவர்களில் சன் யாட்சென்னின் மனைவி சூங் சிங்லிங் முக்கியமானவர். மாவுக்கு அறிமுகக் கடிதம், கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதியது. இத்தனை பந்தோபஸ்தோடு அழைத்துப் போனவர்கள் சும்மா அழைத்துப் போகவில்லை.

ஆனால் விளம்பரம் என்றாலே பொய் என்று ஆகாது. கணக்கைப் பாருங்கள். மாவின் அப்பாவுக்கு முதலில் 15 மூ நிலம், ஆண்டு விளைச்சல் 60 'தான்' (ஒரு சீன எடையளவு) நெல். ஐந்து பேர் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கு 35 தான் போக 25 தான் மிச்சம். பிறகு 7 மூ சேர்த்து 22 ஆனதும் விளைச்சல் 84 தான், 'பணக்கார விவசாயி' என்ற அந்தஸ்து. 15 மூ என்பது ஒரு ஹெக்டேர், நம் கணக்கில் இரண்டரை ஏக்கர். 22 மூ மூன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். நம் ஊரில் மூன்றரை ஏக்கர்காரரைப் பணக்காரர் என்றால் சண்டைக்கு வருவார்.

ஏழை விவசாயிகளின் கட்சித் தலைவர், தன் அப்பன் நெல்லை மிச்சம் பிடித்து வியாபாரம் பார்த்தவர் என்று தானே சொல்கிறார். விளம்பரத்துக்காகவே பேசுகிறவர் இதை மறைத்திருப்பார். அந்தப் புத்தகத்தில் நான் அதிகம் நம்புவது இந்தமாதிரிச் சிறு எண்களைத்தான். வீரதீரப் பகுதிகளை அல்ல.

மூலபாடம் | மார்ச் 4

நேற்று விட்டுப்போனது: எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது என்று பார்க்காமல் ஸ்னோவைப் பற்றிப் பேசுவது வீண்.

முதல் பதிப்பில், 1927-இல் கோமின்டாங்கிடம் கம்யூனிஸ்டுகள் பட்ட தோல்விக்கு ஸ்டாலினும் கொமின்டர்னும் (மாஸ்கோவிலிருந்த சர்வதேசக் கம்யூனிஸ்ட் அமைப்பு) கொடுத்த யோசனைகளும் காரணம் என்ற தொனி இருந்தது. அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் புத்தகக் கடைகள் விற்க மறுத்தன. ஸ்னோ கட்சித் தலைவர் ஏர்ல் பிரௌடருக்கு எழுதி, சில பகுதிகளைத் தானே மழுங்கடித்துத் திருத்திய பதிப்பை 1938-இலேயே கொண்டுவந்தார். பிறகு 1944-இல் ஒன்று. 1968-இல் குறிப்புகள் சேர்த்து விரித்த பதிப்பு ஒன்று.

கண்டுபிடிக்க எளிய வழி: ஜார்ஜ் ஹாதெம் என்ற பெயரைத் தேடுங்கள். லெபனான் வழிவந்த அமெரிக்க மருத்துவர், ஸ்னோவோடு சேர்ந்தே உள்ளே போனவர், மா ஹைதே என்று பெயர் மாற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். அவர் கேட்டுக்கொண்டபடி முதல் பதிப்பில் அவர் பெயரே வராது. கூடவே வந்தவன் ஒருவன் புத்தகம் முழுக்கக் காணாமல் போயிருக்கிறான், படித்தவர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நூலகப்பூனை | மார்ச் 5

என் கையில் இருப்பதில் ஹாதெம் இருக்கிறார். 68-க்குப் பிந்தியதுதான் போல. ஆனால் மெய்யான கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நெடும்பயணத்தில் (1934–35-இல் செம்படை கோமின்டாங்கிடமிருந்து தப்பி நடந்தது) கடந்த லூடிங் பாலம். ஸ்னோ வீரகாவியம் பாடுகிறார். யுங் சாங் சண்டையே நடக்கவில்லை என்கிறார். எது?

மூலபாடம் | மார்ச் 7

நாள்: 1935 மே 29. இடம்: சிச்சுவானில் தாது ஆறு. 1706-இல் கட்டிய இரும்புச் சங்கிலிப் பாலம், சுமார் 100 மீட்டர் நீளம். மொத்தம் 13 சங்கிலி: நடைபாதைக்கு 9, இருபுறம் கைப்பிடிக்கு 4. பலகையைக் கழற்றிவிட்டார்கள், எதிர்க்கரையில் துப்பாக்கிகள், தன்னார்வலர்கள் சங்கிலியைப் பிடித்துத் தொங்கியபடியே கடந்தார்கள் என்பது கதை.

ஸ்னோ எழுதியதில் சங்கிலி 16. தன்னார்வலர் 30. சீனாவில் இன்று சொல்லும் எண் 22. சங்கிலி இன்றும் அங்கேதான் தொங்குகிறது, போய் எண்ணலாம். ஸ்னோ எண்ணவில்லை. ஏனென்றால் நெடும்பயணத்தில் அவர் ஓரடிகூட நடக்கவில்லை. எல்லாம் பாவோஆனிலும் போர்முனையிலும் கேட்டது. வடக்கு ஷான்சியிலிருந்து லூடிங் வெகுதூரம், நடுவில் எதிரியின் பகுதி. பார்த்ததை எழுதும் ஸ்னோ ஒருவர், கேட்டதை எழுதும் ஸ்னோ இன்னொருவர். முதலாமவர் நல்ல நிருபர். இரண்டாமவர் நல்ல கதைசொல்லி. இரண்டு பேரும் ஒரே நடையில் எழுதுவதால்தான் வம்பு.

யுங் சாங்–ஹாலிடே 2005-இல் செய்தது எதிர்ப்பக்கத்துத் தப்பு. சண்டையே இல்லை என்பதற்கு அவர்களின் பெரிய சாட்சி, 1935-இல் பாலத்தருகே வசித்த ஒரு மூதாட்டி. அவர்கள் கண்டபோது வயது 93. அந்தப் புத்தகம் வந்த அதே ஆண்டு வேறொரு பத்திரிகையாளர் லூடிங்குக்குப் போனார். அப்போது 15 வயதுப் பெண்ணாக இருந்த இன்னொரு மூதாட்டி, சண்டை நடந்தது, ஆள் செத்தது என்றார். 70 ஆண்டுக்குப் பிறகு ஒரு பாட்டியை வைத்துப் போரை அழிக்கவும் முடியாது, இன்னொரு பாட்டியை வைத்து நிலைநாட்டவும் முடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சாட்சி. பின்னாளில் சீனாவை வழிநடத்திய டெங் சியாவ்பிங் தன்னிடம் அது பெரிய ராணுவ நடவடிக்கையே இல்லை, பிரசாரத்துக்காகப் பெரிதாக்கினோம் என்ற பொருளில் சொன்னதாக, அமெரிக்க முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் பிரெஜின்ஸ்கி 2005-இல் ஓர் உரையில் சொன்னார். எதிர்ப்பு பலவீனம், சிறு மோதல், பெரிய கதை. என் கணிப்பும் அங்கேதான் நிற்கிறது.

தூரத்துக்கும் இதே கதி. 25,000 லி என்கிறார்கள். ஒரு லி அரை கிலோமீட்டர், ஆக 12,500 கிலோமீட்டர். எட் ஜாஸ்லின், ஆண்ட்ரூ மக்யூவன் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் 2002–03-இல் அந்தப் பாதையை 384 நாள் நடந்தே பார்த்துவிட்டு, சுமார் 6,000 கிலோமீட்டர்தான் என்றார்கள். பாதியைவிடக் குறைவு. செருப்புத் தேய நடந்து சரிபார்த்த வெளிநாட்டாரும் உண்டு என்பதை நூலகப்பூனை குறித்துக்கொள்ளவும்.

கரிசல்காடு | மார்ச் 7

6,000 கிலோமீட்டர் என்றாலும் நேர்கோட்டில் குமரியிலிருந்து காஷ்மீர் போய்த் திரும்பி வரலாம். குறைத்துச் சொன்னதில் மானம் ஒன்றும் போகவில்லை.

மூலபாடம் | மார்ச் 8

போகவில்லைதான்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். 1970 டிசம்பர் 18-இல் ஸ்னோ மாவைக் கடைசியாகச் சந்தித்துப் பேசினார். 1971 ஏப்ரல் 30 தேதியிட்ட லைஃப் இதழில் அது வந்தது. கட்டுரையின் முடிவில் மா தன்னை, ஓட்டைக் குடையோடு உலகில் தனியே நடந்துபோகும் துறவி என்று சொல்லிக்கொண்டதாக எழுதினார். உலகமே உருகிப்போனது. புரட்சிக் கிழவரின் தனிமை, ஞானம், அந்திக்காலச் சோகம்!

மா சொன்னது ஒரு சீன விடுகதைத் தொடர். நாம் 'ஆனைக்கு ஒரு காலம் வந்தால்' என்று நிறுத்தினால் கேட்பவர் மீதியைத் தானே முடித்துக்கொள்வார் அல்லவா, அந்த வகை. 'புத்த பிக்கு குடை பிடித்தான்' என்பது முன்பாதி. சொல்லாமல் விட்ட பின்பாதி 'ஊ ஃபா ஊ தியென்'. மொட்டைத் தலை, அதனால் முடி இல்லை. மேலே குடை, அதனால் வானம் இல்லை. முடிக்கும் சட்டத்துக்கும் சீனத்தில் கிட்டத்தட்ட ஒரே ஒலி, ஃபா. ஆக 'சட்டமும் இல்லை, வானமும் இல்லை': எனக்கு மேலே எவனும் இல்லை, நான் எதற்கும் கட்டுப்பட்டவன் இல்லை. குறும்பான திமிர். சிலேடை மொழிபெயர்ப்பில் செத்தது, ஓட்டை எங்கிருந்தோ குடையில் விழுந்தது, தனிமை வந்து ஒட்டிக்கொண்டது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, இங்கே மொட்டைத் தலையே நிஜமாக இருந்தது.

தப்பாமல் பிழைத்ததும் ஒன்று உண்டு. 1946 ஆகஸ்டில் யெனானில் அமெரிக்கப் பத்திரிகையாளர் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங்கிடம் மா 'காகிதப் புலி' என்றார். மொழிபெயர்த்தவர் முதலில் ஆங்கிலத்தில் சோளக்கொல்லைப் பொம்மை என்று சொல்லிவிட்டாராம். மா நிறுத்தி, என்ன சொன்னாய் என்று விசாரித்து, அது வேறு இது வேறு என்று திருத்தினார். அன்று அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் அரை நூற்றாண்டு சுவரொட்டிகளில் ஏகாதிபத்தியம் ஒரு சோளக்கொல்லைப் பொம்மையாக நின்றிருக்கும்.

நூலகப்பூனை | மார்ச் 8, இரவு

மா சேதுங், மாவோ, மா ஓ, மாவோ சேடாங். தமிழில் எப்படித்தான் எழுதுவது?

மூலபாடம் | மார்ச் 9

குடும்பப் பெயர் மாவ், ஓரசை. சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பழைய வேட்–கைல்ஸ் முறையில் 'Tse-tung' என்று எழுதினார்கள். அந்த முறையில் பக்கத்தில் மேற்கமா (') இல்லாத t வல்லொலி இல்லை, மெல்லிய ஒலி. ஆங்கிலம் படித்தவன் அதை அறியாமல் வல்லொலியாகவே வாசித்தான். தமிழில் 'மாசேதுங்' என்று சேர்த்து எழுதியதும், உயிருக்கு நடுவில் வந்த த தானாகவே மெலிந்து ஒலிக்கிறது. ஆங்கிலம் கெடுத்ததைத் தமிழ் எழுத்து பாதி சரிசெய்துவிட்டது. ஆகவே பழைய வடிவையே வைத்துக்கொள்கிறேன். 'மா ஓ' என்று நடுவில் இடம் விட்டு எழுதுவதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடைக்கவில்லை.

கரிசல்காடு | மார்ச் 10

பெயரும் பாலமும் போகட்டும். 1958–61 சீனப் பஞ்சத்துக்கு வாருங்கள், எத்தனை பேர் செத்தார்கள்? 1.5 கோடி, 3 கோடி, 4.5 கோடி, 7 கோடி. ஏலம் போலக் கூவுகிறார்கள்.

மூலபாடம் | மார்ச் 11

7 கோடியை முதலில் தள்ளி வையுங்கள். அது பஞ்சத்துக்கு அல்ல. யுங் சாங்–ஹாலிடே புத்தகம் மாவின் ஆட்சிக்காலம் முழுவதற்கும் சேர்த்துப் போடும் கூட்டுத்தொகை. அதில் பஞ்சத்தின் பங்கு 3.8 கோடி.

மற்ற எண்களை நாமே போட்டுப் பார்க்கலாம், காகிதமும் பென்சிலும் போதும். சீன அரசு 1980-களில் வெளியிட்ட இறப்பு விகிதம், ஆயிரம் பேருக்கு: 1957-இல் 10.8, 1958-இல் 11.98, 1959-இல் 14.59, 1960-இல் 25.43, 1961-இல் 14.24. 1957-ஐ இயல்பு என்று வைத்து ஒவ்வொரு ஆண்டிலும் கழித்தால் 1.18, 3.79, 14.63, 3.44. கூட்டினால் 23.04. மக்கள்தொகை சுமார் 66 கோடி. பெருக்கினால் 1.52 கோடி. 'ஒன்றரைக் கோடி' வந்த வழி இதுதான். அரசின் சொந்த எண்ணே அவ்வளவு சொல்கிறது, பஞ்சமே இல்லை என்பவருக்கு இது போதும்.

எண் ஏறுவது எப்படி? பதிவேட்டில் சாவு விடுபடும், பஞ்ச ஆண்டில் இன்னும் அதிகமாக விடுபடும். எழுதுகிறவனே பட்டினி கிடக்கும்போது யார் பதிவு செய்வது? மக்கள்தொகை ஆய்வாளர்கள் 1982 கணக்கெடுப்பையும் அதே ஆண்டு எடுத்த கருவள ஆய்வையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு 3 கோடிக்குப் பக்கம் வந்தார்கள். சீன வரலாற்றாளர் சாவ் ஷூஜி உள்ளூர் வரலாற்று ஏடுகளைக் கூட்டி 3.25 கோடி என்றார். சீனப் பத்திரிகையாளர் யாங் ஜிஷெங் 3.6 கோடி. வரலாற்றாளர் ஃபிராங்க் டிகாட்டர் 2010-இல், மாவட்டக் கட்சி ஆவணங்களோடு ஒப்பிட்டால் சாவ் ஷூஜியின் எண் குறைவு என்று உயர்த்திக் குறைந்தது 4.5 கோடி என்றார்.

எண் இரண்டு இடத்தில் ஏறி இறங்கும். 'இயல்பு' என்று எதை வைக்கிறோம் என்பது ஒன்று. ஆயிரத்துக்கு ஒரு புள்ளி கூட்டினாலோ குறைத்தாலோ நாலு ஆண்டில் 26 லட்சம் பேர் ஏறுவார்கள், இறங்குவார்கள். பதிவில் விடுபட்டது எவ்வளவு என்ற ஊகம் மற்றது. எந்தப் புத்தகமானாலும் இந்த இரண்டையும் எங்கே சொல்கிறது என்று தேடுங்கள். சொல்லவே இல்லை என்றால் மூடிவைத்துவிடலாம்.

மூலபாடம் | மார்ச் 12

இரண்டு சேர்க்கை, ஒரு திருத்தம்.

பிறக்காமல் போன குழந்தைகளையும் சிலர் 'இழப்பு' என்று சேர்த்துவிடுகிறார்கள். அது வேறு கணக்கு. சாவோடு கூட்டக்கூடாது.

எதிர்த்தரப்பு: இந்தியப் பொருளியலாளர் உத்சா பட்நாயக், அதே காலத்து இந்தியாவின் சாதாரண இறப்பு விகிதமே சீனாவின் மோசமான ஆண்டுக்கு அருகில் நின்றது என்று காட்டி 3 கோடிக் கணக்கை மறுத்தார். ஜான் திரெஸ், அமர்த்தியா சென் 1989 நூலில் இரண்டையும் சொன்னார்கள். சீனப் பஞ்சச் சாவு மிகப் பெரிது, சுதந்திரப் பத்திரிகை இல்லாததால் பெருகியது. அதே சமயம் இந்தியாவில் பஞ்சமே இல்லாத ஆண்டுகளில் சீனாவைவிட அதிகமாகச் சாகும் எண்ணிக்கை, எட்டு ஆண்டுக்கு ஒருமுறை சீனப் பஞ்சத்தைத் தாண்டுகிறது. இணையத்தில் ஒரு கட்சி முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும், மறு கட்சி பின்பாதியை மட்டும்.

திருத்தம்: மூடிவைக்கச் சொன்னது கொஞ்சம் அதிகம். யாங் ஜிஷெங்கை எண்ணுக்காகப் படிக்க வேண்டாம். எந்த மாகாணத்தில் கொள்முதல் எப்படி நடந்தது, யார் மேலே எப்படிப் பொய்யறிக்கை அனுப்பினார் என்பதற்காகப் படியுங்கள்.

நூலகப்பூனை | மார்ச் 13

பஞ்சம் நடந்தபோது நேரில் போன வெளிநாட்டார் யாருமே பார்க்கவில்லையா?

மூலபாடம் | மார்ச் 14

போனார்கள். ஸ்னோ 1960-இல் ஐந்து மாதம் சுற்றினார். பழைய காலப் பஞ்சம் போல எதையும் காணவில்லை என்று 1962 புத்தகத்தில் எழுதினார். பின்னாளில் பிரெஞ்சு அதிபரான மித்திரான் 1961-இல் போய்வந்து பஞ்சம் இல்லை என்றார். பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி இரண்டு முறை போய் அதையே சொன்னார். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூட வரும் ஆள், முன்கூட்டித் தீர்மானித்த ஊர், விருந்தினர் மாளிகைச் சாப்பாடு. காருக்குள்ளிருந்து பட்டினி தெரியாது. ஸ்னோவிடம் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. 1929 வடமேற்குப் பஞ்சத்தை நேரில் பார்த்து எழுதிய மனிதர். எங்கே, எப்படித் தேட வேண்டும் என்று தெரிந்தவர்.

எழுத்தாளர் ஹான் சுயினையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஜொகூர் பாருவில் மருத்துவம் பார்த்தவர், இந்திய ராணுவப் பொறியாளர் ரத்தினசாமியின் மனைவி, பிரதமர் சௌ என்லாயை அணுக முடிந்தவர். மாவைப் பற்றி 1972-இலும் 1976-இலும் இரண்டு பாகம் எழுதினார். அழைப்பு எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறதோ அவ்வளவு கண்பார்வை மங்கும்.

எதிர்மாறான ஆள் சைமன் லேஸ். உண்மைப் பெயர் பியர் ரிக்மான்ஸ், பெல்ஜியக்காரர், சீன ஓவியத்தில் புலமை. 1971-இல் பாரிஸில் வந்த அவர் புத்தகம், கலாசாரப் புரட்சியைப் புரட்சி என்றே ஒப்பவில்லை, மேலிடத்து அதிகாரச் சண்டை என்றது. அன்றைய பிரெஞ்சு அறிவாளிகள் அவரைக் கிழித்தார்கள். அவர் செய்ததோ ஹாங்காங்கில் உட்கார்ந்து சீனப் பத்திரிகை படித்தது. செங்காவலர் (கலாசாரப் புரட்சியின் இளைஞர் படை) துண்டுப்பிரசுரம், அகதிகள் சொன்னது, ஹங்கேரியப் பாதிரியார் லதானி நடத்திய செய்தி அலசல் ஏடு. வரவேற்புப் பட்டியலில் யார் பெயர் நேற்று மூன்றாவதாக இருந்தது, இன்று ஏன் இல்லை என்று வரிவரியாகப் பார்ப்பது. சீனம் படிக்கத் தெரியாமல் உள்ளே போனவர் கோட்டை விட்டதை, படிக்கத் தெரிந்து வெளியே இருந்தவர் பிடித்தார்.

1983-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் லேஸையும் மரியா அந்தோனியெத்தா மாச்சியோக்கியையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். 1971-இல் சீனாவைப் புகழ்ந்து தடிப்புத்தகம் எழுதிய இத்தாலியர் அந்த அம்மையார். லேஸ் குரல் உயர்த்தாமல் சொன்னது: அந்தப் புத்தகத்தை முட்டாள்தனம் என்பதே மிகக் கருணையான விமர்சனம், இல்லாவிட்டால் மோசடி என்று சொல்ல வேண்டிவரும்.

மூலபாடம் | மார்ச் 16

சோவியத் தரப்பை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பியோத்தர் விளாதிமிரோவ் 1942–45-இல் யெனானில் சோவியத் செய்தி நிறுவனம் தாஸின் நிருபராகவும் கொமின்டர்ன் தொடர்பாளராகவும் இருந்தவர். இறந்தது 1953. அவர் நாட்குறிப்பு வெளியானது 1973, மாஸ்கோவும் பெய்ஜிங்கும் எல்லையில் சுட்டுக்கொண்டு நாலு ஆண்டு கழித்து. ஆட்டோ பிரவுனின் நினைவுகள் கிழக்கு ஜெர்மனியில் வந்ததும் அதே 1973. நெடும்பயணத்துக்கு முன் படைக்கு உத்தரவு போட்ட ஜெர்மானியர், 1935 சுன்யீ கூட்டத்தில் பதவி இழந்தவர். இரண்டிலும் மா தந்திரக்காரர், தேசியவாதி, மார்க்சியம் தெரியாதவர். ஆண்டைப் பார்த்தாலே போதும். ஒதுக்கிவிடுங்கள்.

கரிசல்காடு | மார்ச் 17

விளாதிமிரோவ் யெனானில் அபின் பயிரிட்டு விற்றார்கள் என்று எழுதியிருக்கிறார். அதையும் ஒதுக்க வேண்டுமா?

மூலபாடம் | மார்ச் 20

மூன்று நாளாக இதை யோசித்தேன். இல்லை. ஒதுக்கச் சொன்னது என் அவசரம்.

தைவான் வரலாற்றாளர் சென் யுங்ஃபா 1990-களில் யெனான் வரவுசெலவைத் தோண்டி, 'சிறப்புப் பொருள்' என்றும் 'சோப்பு' என்றும் மறைபெயரில் எழுதியிருந்தது அபின்தான் என்று காட்டினார். முற்றுகையில் உப்பும் துணியும் வாங்கக் காசு வந்த வழிகளில் அது ஒன்று. ஆக, கெட்ட நோக்கத்தோடு, தாமதமாக, யார் யாரோ கைவைத்து வெளியிட்ட நாட்குறிப்பில் ஓர் உண்மை உட்கார்ந்திருந்தது. நல்ல நோக்கத்தோடு 1944-இல் யெனானுக்குப் போன அமெரிக்க, பிரிட்டிஷ் நிருபர்கள் ஆளுக்கொரு புத்தகம் எழுதினார்கள், அபினைத் தேடிப் போகவில்லை.

வெளிவந்த ஆண்டு, புத்தகத்தை ஏன் அச்சிட்டார்கள் என்று சொல்லும். உள்ளே இருப்பது பொய்யா மெய்யா என்று சொல்லாது. இரண்டையும் நான் குழப்பிவிட்டேன்.

நூலகப்பூனை | மார்ச் 21

மாவின் மருத்துவர் லி சிசூய் எழுதியது? அவர் சீனர்தானே. என் கட்சிக்கு ஓர் ஆள்.

மூலபாடம் | மார்ச் 22

பாதி ஆள். 22 ஆண்டு கூடவே இருந்தவர். குறிப்பேடுகளை 1966-இல் தானே எரித்துவிட்டார், பின்னால் நினைவிலிருந்து திரும்ப எழுதினார். 1994-இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தபோது மொழிபெயர்த்தவர் ஒருவர், சேர்த்துச் செப்பனிட்டவர் இன்னொருவர், முன்னுரை மூன்றாமவர். தைவானில் வந்த சீனப் பதிப்பும் ஆங்கிலமும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை, ஊர் கூடிச் சண்டை போட்டார்கள். மருந்து, தூக்கம், பல், படுக்கையறைப் பழக்கம் என்றால் அவரை நம்பலாம். அரசியல் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்றால், அந்த அறையில் அவர் இருந்தாரா என்று முதலில் பாருங்கள். பல இடத்தில் இல்லை.

மூலபாடம் | ஏப்ரல் 1

உங்கள் கட்சிக்கு எதிராக இன்னும் ஒன்று, முட்டாள்கள் தினத்துக்காக அல்ல. மாவின் சொந்த எழுத்தையே சீனத்தில் நம்பி எடுக்க முடியாது. 1951 முதல் வந்த அதிகாரபூர்வத் தேர்வு நூல்கள் திருத்தப்பட்டவை. 1927 ஹுனான் விவசாயிகள் அறிக்கையின் மூலத்தில், ஜனநாயகப் புரட்சிக்குப் பத்து மதிப்பெண் என்றால் நகரத்தாருக்கும் படைக்கும் மூன்று, விவசாயிகளுக்கு ஏழு என்று இருந்தது. தொழிலாளி வர்க்கத்துக்குத் தனிக் கணக்கே இல்லாதது பிறகு உறுத்தியிருக்கும். தேர்வு நூலில் அந்த வரி இல்லை.

மூலத்தைத் தேடிப் பிடித்து, எங்கெங்கே மாறியது என்று குறியிட்டுப் பத்துத் தொகுதியாக 1970–72-இல் சீன மொழியிலேயே அச்சிட்டது தோக்கியோவில். தொகுத்தவர் தக்கேயுச்சி மினோரு, ஜப்பானியர். மாவை ஆராய்ந்த ஸ்டூவர்ட் ஷ்ராம் போன்றவர்களின் ஆய்வுக்கு அது பெரிய கைகொடுத்தது.

கரிசல்காடு | ஏப்ரல் 3

அட்டைப்படங்களைப் பற்றி யாராவது சொல்லுங்கள். பஞ்சம் பற்றிய எல்லாப் புத்தகத்திலும் எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளை.

மூலபாடம் | ஏப்ரல் 3, இரவு

டிகாட்டர் புத்தகத்தின் பிரிட்டிஷ் பதிப்பு அட்டையில் இருந்த பிள்ளை 1946 பஞ்சத்தில் லைஃப் இதழுக்காக எடுத்த படம். கோமின்டாங் ஆட்சிக்காலத்துப் பிள்ளை. அமெரிக்கப் பதிப்பில் வேறு படம், 1962-இல் ஹாங்காங் வந்த அகதிகள்.

அட்டைப்படம் என்றதும் நினைவு வந்தது. மாவின் படங்களில் உலகம் முழுக்கச் சுவரேறியது 1936-இல் பாவோஆனில் ஸ்னோ எடுத்தது. எண்கோணத் தொப்பி, நெற்றியில் நட்சத்திரம். அந்தத் தொப்பி மாவுடையது இல்லை. ஸ்னோவுக்குக் கொடுத்திருந்த புதுத் தொப்பி. கேமராவைத் தூக்கும் முன் அதைத் தன் தலையிலிருந்து கழற்றி மாவின் தலையில் வைத்தார்.